சேவல்மேடு வரைந்து முடியும் வரை

பவானி ஆற்றுக்கு இந்தக் கரையில், பூவை நம்பியே பிறந்து பூவை நம்பியே கல்யாணம் பண்ணிக் கடைசியில் பூவோடேயே சுடுகாட்டுக்குப் போகிற எங்கள் சேவல்மேட்டில், பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, பேக்கரி அன்வர் கல்லாவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது எதிரே பஸ் ஸ்டாண்டு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தது. முதலில் தரை வந்தது, அப்புறம் தூண்கள் வந்தன, தூண்களின் மேல் கூரை வந்து உட்கார்ந்தது, சுவரில் போன தேர்தலின் வேட்பாளர் வந்து, அவர் மேல் பூப்புனித நீராட்டு விழாப் பெண் வந்து, அவள் மேல் மூலவியாதி வைத்தியர் வந்து ஒட்டிக்கொண்டார், எல்லாவற்றுக்கும் கடைசியாக நிழலில் படுத்திருந்த நாய் வந்தது. அன்வர் பார்த்தார், "சரி, வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு முட்டை பப்ஸ் தட்டை எடுத்து வெளியே வைத்தார்.

மத்தியானத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. தலையைத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தால், முக்கு திரும்பினால், கதவைத் திறந்தால், எதிரே இருக்க வேண்டியது உடனே இருப்பதில்லை. அது அடியிலிருந்து ஒவ்வொன்றாக வரையப்பட்டு வருகிறது, அதுவும் இன்றைக்கு இருக்கிறபடி நேராக வருவதில்லை, முதலில் போன வருஷத்து உருவம் வந்து, அதன் மேல் அடுத்தது வந்து, அதன் மேல் அடுத்தது வந்து, கடைசியில்தான் இன்றைய உருவம் வந்து நிற்கிறது. ஆரம்பத்தில் இதற்கு ஒரு தும்மல் போடுகிற நேரம் ஆனது. சித்திரை பிறந்தபோது ஒரு டீயை ஆற்றிக் குடிக்கிற நேரமாகிவிட்டது.

இது எதனால் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வோம். எல்லோரும் ஒத்துக்கொள்கிற பங்கு மட்டும் இவ்வளவுதான். பூ விவசாயிகள் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற கோகிலவாணி, முந்தின வருஷம் தை மாதத்தில், ஏலத்துக்காகப் பைத்தான் என்கிற மொழியில் ஒரு புரோகிராம் எழுதினாள். ஏலக்கூடத்துச் சுவரில் மாட்டிய பெரிய டிவியில், எந்தக் கூடை எங்கே இருக்கிறது, அதில் மல்லியா முல்லையா சம்பங்கியா, என்ன விலைக்குப் போகிறது என்று எல்லாம் படமாகத் தெரியும், கூடை நகர்ந்தால் படமும் நகரும். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் ஆயுசுக்கும் முகம் கொடுத்துப் பேசாத ஊர் எங்கள் ஊர். சந்தையைப் போட்டிருக்கிறாயே, வாசலில் இருக்கும் என் பேக்கரியைப் போடவில்லையே என்று அன்வர் வருத்தப்பட்டார். பேக்கரியைப் போட்டதும் பக்கத்து சைக்கிள் கடைக்குக் கோபம் வந்தது. சைக்கிள் கடையைப் போட்டதும் பஸ் ஸ்டாண்டு, மாரியம்மன் கோயில், பள்ளிக்கூடம், பள்ளிவாசல், ரேஷன் கடை என்று வரிசையாக வந்து நின்றார்கள், கோகிலவாணியும் முகத்தை முறிக்கத் தெரியாத பெண்ணாகையால் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனாள், வீடுகளைப் போட்டாள், ஆட்களைப் போட்டாள், ஆட்டுக்குட்டியைப் போட்டாள். மேட்டுத்தெருவின் கடைசி வீட்டையும் அவள் படத்தில் சேர்த்து முடித்த மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. டிவி ஊரைப் பார்த்து வரைகிறதா, ஊர் டிவியைப் பார்த்து வருகிறதா என்று அதற்குமேல் நாங்கள் துருவவில்லை. துருவி என்ன ஆகப்போகிறது, அவரவருக்கு வேலை கிடக்கிறது.

பழகிக்கொண்டோம். முக்குக்கு முக்கு பெஞ்சு போட்டோம், தெரு வருகிற வரைக்கும் உட்கார்ந்து இளைப்பாறலாமே என்று. பெஞ்சும் மெதுவாகத்தான் வரும் என்பதை மறந்து நாலைந்து பேர் உட்கார்ந்து கீழே விழுந்தார்கள். பஸ் கண்டக்டர்கள் "சேவல்மேடு வந்தாச்சு" என்று கத்துவதை விட்டுவிட்டு, "வந்துட்டு இருக்குது, வந்துட்டு இருக்குது, பொறுங்க" என்று சொல்லிப் பீடி பற்ற வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் திட்டு முதலில் வந்தது, டீச்சர் பிறகுதான் வந்தார், அதற்குள் பிள்ளைகள் நல்ல பிள்ளைகளாகிவிட்டார்கள். "சாப்டாச்சுங்களா" என்று கேட்ட இடத்தில் "வந்தாச்சுங்களா" என்று கேட்கப் பழகினோம், முழுசாக வந்து சேர்ந்தவர் "இப்பத்தானுங்க, காது மட்டும் பாக்கி" என்பார்.

பழசு முதலில் வருவதில்தான் கூத்தெல்லாம். அன்வர் கடை விலைப்பலகை ஒவ்வொரு தடவையும் பழைய விலையில் தொடங்கிப் படிப்படியாக ஏறி இன்றைய விலைக்கு வந்து நிற்கும், பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொரு நாளும் புதுசாக வயிறு எரியும், "முதல்ல வந்த வெலைக்கே குடுங்க பாய்" என்று மல்லுக்கு நிற்பார்கள். கோர்ட்டு வரைக்கும் போயிருந்த பங்காளிச் சண்டை ஒன்று, இரண்டு பேரும் வேலிக்கு எதிரே நின்று ஒரு தடவை கண்ணை மூடித் திறந்ததில் தீர்ந்துவிட்டது. வேலி சாண் சாணாக எந்தப் பக்கம் நகர்ந்து வந்தது என்பதை வேலியே காட்டிவிட்டது. தலைச்சாயம் பூசுகிறவர்கள் வெள்ளை முடியோடு வந்து பிறகு கறுத்தார்கள். சங்கத் தலைவர் சென்னியப்பன் பாடுதான் பெரும்பாடு. அவர் தோள் துண்டின் கரை, இந்த ஒன்றேகால் வருஷத்துக்குள் மூன்று கட்சிக்கு மாறியிருந்தது, அவரைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அது மூன்றும் வரிசையாக வந்து போனது. அவர் கொஞ்ச நாள் துண்டே போடாமல் வந்து பார்த்தார். துண்டு போடாத உருவம் கடைசியாகத்தான் வந்தது.

இப்படியே இருந்திருந்தால் நாங்கள் இருந்திருப்போம். ஆனால் பூவுக்குப் பழக்கம் வரவில்லை. மல்லியும் முல்லையும் மொக்காக இருக்கும்போதே விலை பேசி, கட்டி, வண்டி ஏற்றிவிட வேண்டும், வெடித்துவிட்டால் கட்டுகிறவர் தொடமாட்டார், சென்ட் கம்பெனிக்காரன் கேட்கிற அடிமாட்டு விலைக்குத்தான் போகும். எங்கள் ஏலக்கூடத்தில் கூடை வரைந்து முடிந்து, விலை வரைந்து முடிந்து, வாங்குகிறவர் கையைத் தூக்கியது வரைந்து முடிவதற்குள் மொக்கெல்லாம் கூடைக்குள்ளேயே வாயைத் திறந்து சிரிக்க ஆரம்பித்தது. எங்கள் பூவை மொத்தமாக வாங்குகிற மைசூர் வியாபாரிகள் பொறுத்துப் பார்த்தார்கள். வைகாசி முகூர்த்தத்துக்குள் இது சரியாகாவிட்டால் மலைக்கு அந்தப் பக்கச் சந்தைக்கே போய்க்கொள்கிறோம் என்று கடைசியாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் சந்தை போனது, சந்தை போனால் இந்த ஊரில் வரைவதற்கே ஒன்றும் மிஞ்சாது.

"அம்மிணி, எப்பிடியாச்சும் இந்தச் சனியனை வேகமா ஓட வெச்சுரு" என்றார் சென்னியப்பன்.

"பாக்கறனுங்க தலைவரே" என்றாள் கோகிலவாணி.

ஊர் அவளுக்குத் தன்னால் ஆன உதவிகளைச் செய்தது. கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். பைத்தான் என்றால் மலைப்பாம்பு என்று யாரோ கிளப்பிவிட, ஒரு அம்மா சொம்பில் பாலும் ஒரு முட்டையும் கொண்டுவந்து கீபோர்டு பக்கத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கோயமுத்தூரிலிருந்து வந்த ஒருவர் இந்த மொழியே சரியில்லை, எல்லாவற்றையும் வேறு மொழியில் அடியிலிருந்து எழுத வேண்டும், ஒன்றரை வருஷம் ஆகும் என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு வருவதற்குக் காத்திருந்ததில் அவருக்கு இரண்டு பஸ் போய்விட்டது.

கோகிலவாணி முதலில் வரைகிற தடவையைக் குறைத்துப் பார்த்தாள். எந்நேரமும் வரைந்துகொண்டே இருப்பதால்தானே திணறுகிறது, விட்டு விட்டு வரையட்டும் என்று வைத்தாள். அன்றைக்கு ஊரே தவளையாகிவிட்டது. வீட்டு வாசலில் நின்ற ஆள் அடுத்து தெரு முனையில் நின்றார், நடுவில் நடந்த நடையைக் காணோம். அன்வர் பாய் டீயை ஆற்றத் தூக்கினார், அடுத்து பார்த்தால் டீ வாடிக்கையாளரின் சட்டையில் இருந்தது. சாயங்காலத்துக்குள் அதை எடுத்துவிட்டாள். அப்புறம், கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் வரைந்தால் போதும், தெரியாததை எதற்கு வரைய வேண்டும் என்று யோசித்து அதைச் செய்தாள். வேகம் வந்தது உண்மைதான், ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது, கதவு இருக்கிறது என்று நம்பிச் சாய்ந்தவர்கள் சாய்ந்துகொண்டே போனார்கள், புருஷன் பின்னால் வருகிறான் என்று பேசிக்கொண்டே போன பெண்கள் திரும்பிப் பார்த்துத் திகைத்தார்கள். நாங்களெல்லாம் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தோம். அதையும் எடுத்துவிட்டாள்.

மூன்றாவதாகத்தான் தான் எழுதியதை உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தாள், படித்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஏதாவது ஒன்று அசைந்தால் அதைப் புதுசாக வரையச் சொல்லியிருந்தாள், சரி. பழைய படத்தை எடுத்துவிடச் சொல்லவே இல்லை. கூடை ஒரு அடி நகர்ந்தால் புதுக் கூடை ஒன்று பழைய கூடையின் மேல், அது நகர்ந்தால் அதன் மேல் இன்னொன்று, ஆள் கை அசைத்தால் ஒரு ஆள் மேல் இன்னொரு ஆள், இப்படி முந்தின வருஷத்துத் தையிலிருந்து ஊரில் அசைந்தது அத்தனையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடியில் கிடந்தது, ஒவ்வொரு தடவையும் பாவம் அது அத்தனையையும் அடியிலிருந்து வரைந்துகொண்டு வர வேண்டியிருந்தது. சாணி மெழுகுகிறவர்கள் பழசைச் சுரண்டாமலே மேலே மேலே பூசினால் தரை கூரையை முட்டாதா. பழசை மொத்தமாக அழித்துவிட்டு, எதையும் ஒரே ஒரு தடவை வரைந்து, அசைகிறபோது அந்தப் படத்தையே நகர்த்திக்கொண்டால் போதும். நாலைந்து வரி வேலைதான், எழுதிவிட்டாள். ஓட்டவில்லை.

"ஏனம்மிணி ஓட்டலை?" என்றார் சென்னியப்பன்.

"பழசு பூராவும் போயிருமுங்க தலைவரே."

"போகட்டும்! மொதல்ல என்ற துண்டு போகட்டும்."

"குழந்தைவேலு ஐயாவும் போயிருவாருங்க."

சென்னியப்பன் கூடத்தின் மூலையில் கிடந்த மர ஸ்டூலைப் பார்த்தார்.

குழந்தைவேலு எங்கள் சந்தையின் ஏலக்காரர். அந்த ஸ்டூலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி, உடம்பில் வாயைத் தவிர வேறொன்றையும் அசைக்காமல், சந்தை முழுக்கக் கேட்க ஏலம் கூறுவார். சர்க்கரை வியாதிக்காரர். போன ஆடியில், காலையில் ஏலம் முடித்து வீட்டுக்குப் போனவர், மத்தியானம் படுத்துவிட்டு எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு ஏலம் கூற ஆள் போடவில்லை, டிவியே போதும் என்று விட்டுவிட்டோம். அவருடைய மனைவி தெய்வாத்தாள் பூக்கட்டுகிற இடத்தில் மேஸ்திரி. அவள் நடந்து வந்தால் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள்கூட எதையாவது எடுத்துக் கட்ட ஆரம்பிப்பார்கள். புருஷனுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் இனிப்பென்று ஒரு பொருள் வாங்கியதில்லை, அவருக்குக் களி என்றால் தனக்கும் களிதான், வெல்லம் போட்ட காப்பிகூடக் குடிக்காமல் அவரோடு சேர்ந்து பத்தியம் கிடந்தாள்.

அந்தப் பங்குனிச் செவ்வாய்க்கிழமை அவள் ஏலக்கூடத்துக்குள் நுழைந்தபோது ஸ்டூல் வந்தது, ஸ்டூலின் மேல் குழந்தைவேலு வந்தார். உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தாரோ அப்படியே, நீலக் கோடு போட்ட சட்டையில், அப்புறம் வெள்ளைச் சட்டையில், அப்புறம் மறுபடி நீலத்தில். எந்தச் சட்டையில் இருந்தாலும் கையில் அன்வர் கடைத் தேங்காய் பன் இருந்தது. தை மாதத்துக் குழந்தைவேலு தின்றார், மாசி மாதத்துக் குழந்தைவேலு தின்றார், ஆனி மாதத்தில் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு தின்றார். பிறகு வெறும் ஸ்டூல் வந்தது. தெய்வாத்தாள் இடுப்பில் கை வைத்தாள்.

"அடப் பாவி மனுசா" என்றாள். "மாரியாத்தா மேல சத்தியம் பண்ணுனயே. இனிப்பைக் கையில தொடலைன்னு சத்தியம் பண்ணுனயே!"

அன்றிலிருந்து தினம் காலையில் ஏலத்துக்கு முன்னால் வந்துவிடுவாள். ஸ்டூலுக்கு முதுகு காட்டி நின்று, வெடுக்கென்று திரும்புவாள், அவர் வருவார், வந்து போகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அன்றைய பங்குக்குத் திட்டி முடிப்பாள், "நான் அரை வயித்துக்குக் களி தின்னது யாருக்காக" என்பாள், "எனக்கு ஒரு வாய் குடுத்துத் தின்னிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து செத்திருப்பமே" என்பாள், இரண்டு கையையும் வீசி வீசிப் பேசுவாள், அவர் மறையத் தொடங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். நாங்கள் அந்தப் பக்கமே பார்க்க மாட்டோம். தேங்காய் பன் விற்றவர் என்ற முறையில் அன்வர் அந்த நேரத்தில் சந்தைக்குள்ளேயே வர மாட்டார்.

"நான் போய் அவகிட்டச் சொல்லவா? என்ற சொத்தை எழுதி வாங்குனாலும் மாட்டேன்" என்றார் சென்னியப்பன். "நீயே சொல்லு. இல்ல, யாருக்கும் தெரியாம ஓட்டிரு."

யாருக்கும் தெரியாமல் ஓட்ட கோகிலவாணிக்கு மனசு வரவில்லை. பூக்கட்டுகிற இடத்துக்குப் போய், தெய்வாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் கொஞ்சம் நாரை எடுத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள். தெய்வாத்தாள் கை நிற்காமல் கேட்டாள்.

"எடுத்துக்க கண்ணு. வேண்டாம்னு சொல்லலை. என்ற சண்டை முடியட்டும், எடுத்துக்க."

"எப்பங்க்கா முடியும்?"

"அந்தாளு பதில் சொன்னா முடியும்."

"அது வெறும் படமுங்க்கா. பேசாதுங்க."

"உசுரோட இருந்தப்ப மட்டும் எதுக்காச்சும் பதில் சொன்னாரா?" என்று தெய்வாத்தாள் கேட்டாள். கோகிலவாணி குனிந்து ஒரு முடிச்சுப் போட்டாள். கட்டிய சரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "முடிச்சு லூசா இருக்குது, அவிழ்த்துக் கட்டு" என்றாள் தெய்வாத்தாள்.

வைகாசி நெருங்கியது. பூ கூடையோடு வெடித்தது. மேட்டுத்தெருக்காரர் ஒருவர் தன் சம்பங்கித் தோட்டத்தை உழுதுவிட்டு மரவள்ளி வைக்கப்போவதாகச் சொன்னார், அது எங்களுக்கு யாரோ செத்த சேதி கேட்டதுபோல இருந்தது. கோகிலவாணிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் ஊர், ஒரு பக்கம் ஒரு பெண்ணின் காலை நேரத்துச் சண்டை, நடுவில் தன் ஒரு விரல். அழிக்காமலே ஏதாவது செய்ய முடியுமா என்று, எந்த இடத்தை வரைவதற்கு அதிக நேரம் ஆகிறது என்று அளந்து பார்க்கிற வேறொரு புரோகிராமை எடுத்து ஓட்டினாள். பஸ் ஸ்டாண்டாக இருக்கும் என்று நினைத்தாள், எத்தனை பேர் வந்து போகிற இடம். பஸ் ஸ்டாண்டு இல்லை. கோயிலும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஊர் மொத்தத்துக்கும் ஆகிற நேரத்தில் பாதிக்கு மேல் ஒரே ஒரு இடத்துக்கு ஆனது, அது ஏலக்கூடத்து ஸ்டூலும் அதன் எதிரே இருந்த ஆறடித் தரையும்.

குழந்தைவேலுவாக இருக்க முடியாது, அவர் அசையாத மனுஷர், அசையாதவருக்கு அதிகப் படம் விழாது. கோகிலவாணி எழுந்து போய், ஸ்டூலுக்கு முன்னால் நின்று, கண்ணை மூடித் திறந்து, கடைசி வரைக்கும் பார்த்தாள். பார்த்துவிட்டு நேராகப் பூக்கட்டுகிற இடத்துக்குப் போனாள்.

"அக்கா, என்னோட ஒரு நிமிசம் வாங்க."

"காலைலயே பேசியாச்சு. இனி நாளைக்குத்தான்."

"இன்னைக்குப் பேச வேண்டாமுங்க்கா. சும்மா பாருங்க. அவரு போன பொறகும் பாருங்க. முகத்தைத் திருப்பிக்காதீங்க."

ஏலம் முடிந்து கூடம் காலியாக இருந்தது, தரையெல்லாம் வாடிய இதழ். இரண்டு பேரும் முதுகு காட்டி நின்று திரும்பினார்கள். ஸ்டூல் வந்தது. குழந்தைவேலு வந்தார், நீலச் சட்டையில் தின்றார், வெள்ளைச் சட்டையில் தின்றார், கால் கட்டோடு தின்றார், போனார். தெய்வாத்தாளின் கழுத்து பழக்கத்தில் திரும்பப் பார்த்தது, கோகிலவாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெறும் ஸ்டூல் வந்தது. அதன் எதிரே ஒரு பெண் வந்தாள்.

இடுப்பில் கை வைத்திருந்தாள். அவள் மேல் இன்னொருத்தி வந்தாள், கையை நீட்டியிருந்தாள். அவள் மேல் இன்னொருத்தி, அவள் மேல் இன்னொருத்தி, பச்சைச் சேலையில் கத்தினாள், காவிச் சேலையில் கத்தினாள், மறுபடி பச்சையில் கத்தினாள், பங்குனியில் கத்தினாள், சித்திரையில் கத்தினாள், வெறும் ஸ்டூலைப் பார்த்து விரலை ஆட்டினாள், முந்தானையை உதறினாள், நெஞ்சில் அடித்துக்கொண்டாள், மறுபடி விரலை ஆட்டினாள். அவர் வந்து போனதற்கு ஆன நேரம் கொஞ்சம்தான். இவள் வந்துகொண்டே இருந்தாள். வெளியே யாரோ சைக்கிளில் பெல் அடித்துக்கொண்டு வந்து, வந்து, போனார்கள், அப்போதும் இவள் தீரவில்லை.

தெய்வாத்தாள் வெகுநேரம் பார்த்தாள்.

"ஏனம்மிணி" என்றாள் கடைசியில், "இந்தப் பொம்பளைக்கு வேற சோலியே இல்லியா?"

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு தெய்வாத்தாளுக்குத்தான் முதலில் வந்தது. மூக்கால் ஒரு சத்தம் போட்டாள், அப்புறம் தோள் குலுங்கியது, அப்புறம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள், எதிரே அந்தப் பெண் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள், அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் சிரித்தாள். "முகரையைப் பாரு, முகரையைப் பாரு" என்றாள். "இவகிட்ட நானா இருந்தாலும் பன்னை ஒளிச்சுத்தான் தின்னிருப்பேன்."

சிரித்து ஓய்ந்ததும் கோகிலவாணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, அவரை மட்டும் விட்டு வைக்க முடியுமுங்க. நான் யோசிச்சுட்டேன். உங்க படத்தை எடுத்துட்டாலே ஊரு பாதி வேகம் வந்துரும். மத்த பழசையும் எடுத்துட்டு அவரை மட்டும் ஒரு ஓரமா வெச்சிருந்தா, சந்தைக்கு ஒண்ணும் ஆகாது. தினமும் வந்து பாத்துக்கலாம்."

தெய்வாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஸ்டூலின் கால் ஒன்று ஆடிக்கொண்டிருந்ததை நேராக நகர்த்தி வைத்தாள். அந்த யோசனை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"விட்டு வெச்சா நாளைக்கும் வருவேன் கண்ணு" என்றாள். "எடுத்துரு."

மறுநாள் காலை சந்தையில் நிற்க இடமில்லை. மைசூர் வியாபாரிகள் வந்திருந்தார்கள், விவசாயிகள் கூடைகளோடு வந்திருந்தார்கள், அன்வர்கூட முதல் தடவையாக உள்ளே வந்து ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். தெய்வாத்தாள் யாரையும் பார்க்காமல் ஸ்டூலுக்கு எதிரே போய் நின்றாள். அவர் ஒரு முறை வந்தார். அன்றைக்கு அவள் ஒன்றும் திட்டவில்லை, சட்டைக் காலரில் மடிப்புச் சரியில்லை என்று மட்டும் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு கோகிலவாணியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், கோகிலவாணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விரலை அழுத்தினாள்.

சேவல்மேடு வந்தது. ஒரே தடவையில், ஒரே வீச்சில், கூரையும் தூணும் கூடையும் ஆளும் நாயும் கூரையில் உட்கார்ந்திருந்த காக்காயும் எல்லாம் ஒன்றாக, இன்றைக்கு இருக்கிறபடி வந்து நின்றது, நாங்கள் பழக்க தோஷத்தில் காத்திருந்தோம், காத்திருப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சென்னியப்பன் துண்டில் ஒரே ஒரு கரை இருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்தார். டிவியில் முதல் கூடை பளிச்சென்று தெரிந்தது, ஒரு மைசூர்க்காரர் கையைத் தூக்கினார், தூக்கிய அதே நொடியில் கை தூக்கியிருந்தது. விசில் அடித்தார்கள்.

விசில் பாதியில் நின்றது. தெய்வாத்தாள் முதுகு காட்டி நின்று, எப்போதும்போல வெடுக்கென்று திரும்பினாள். ஸ்டூல் இருந்தது. இன்னொரு முறை திரும்பினாள். ஸ்டூல்தான் இருந்தது. மூன்றாவது முறை அவள் திரும்பவில்லை. புருஷன் செத்த அன்றைக்கு இந்த அம்மா அழவே இல்லை, பாடை தூக்குகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டு நின்றாள் என்று ஆடி மாதத்தில் நாங்கள் எல்லோரும் பேசியிருக்கிறோம். இப்போது அவள் முகம் கோணியது, கோணிய அந்த நொடியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, மெதுவான காலமாக இருந்தால் முகம் வந்து சேர்வதற்குள் முந்தானையால் துடைத்துக்கொண்டிருப்பாள், இப்போது அதற்கு நேரம் இல்லை. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "எஞ்சாமி, எஞ்சாமி, போயிட்டயா" என்று அழுதாள்.

பூக்கட்டுகிற பெண்கள் நாரைப் போட்டுவிட்டு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். கோகிலவாணி போய் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்வர் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்று அழுதார். கையைத் தூக்கிய மைசூர்க்காரர் கையைக் கீழே விட்டார். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை, ஏலத்தை ஆரம்பி என்று ஒருவரும் சொல்லவில்லை, வெயில் கூரைத் தகரத்தில் ஏறியது, அத்தனை கூடையிலும் மல்லியும் முல்லையும் மெல்ல மெல்ல வெடித்து, கூடம் முழுக்க வாசனை எழும்பி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது. அன்றைய பூ அத்தனையும் சென்ட் கம்பெனிக்குத்தான் போனது. அன்றைக்குத் தாமதமானதற்குக் கம்ப்யூட்டர் காரணம் இல்லை.